வலைக்குண்டு வார்ப்பும் ‘ஈயம்’ என்னும் சொல்லும்

ஆய்வுச் சுருக்கம்

வலைக்கும் தூண்டிலுக்கும் வேண்டிய எடைக்குண்டுகளைக் காரீயத்தை உருக்கி வீட்டளவில் வார்த்துக்கொள்ளும் வழக்கம் உலகின் பல கடற்கரைகளில் காணப்படுகிறது. எளிய கைத்தொழிலாகத் தோன்றும் இதில் உலோகத் தெரிவு, வெப்பநிலை, ஈரம், நச்சுத்தூள் ஆகிய நான்கும் பிழைக்கு இடமளிப்பன. இக்கட்டுரை வார்ப்பின் செயல்முறையைப் புதிதாகத் தொடங்குபவர் நோக்கில் விளக்குகிறது. தமிழில் ‘ஈயம்’ என்னும் சொல் இரு உலோகங்களுக்குப் பொதுவாய் வழங்குவதால் நேரும் குழப்பத்தையும் அது எடுத்துக்காட்டுகிறது. துப்பாக்கிக் குண்டு வார்ப்பு ஒப்பீட்டளவில் மட்டுமே சுட்டப்பெறுகிறது.

திறவுச்சொற்கள்: காரீயம், வெள்ளீயம், துத்தநாகம், வலைக்குண்டு, வார்ப்பு, ஈய நஞ்சு.

முன்னுரை

2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையிலான ஐந்து மாதங்களில், செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரின் புறநகரான தியாரோய் சுர் மேர் என்னும் ஊரில் 18 குழந்தைகள் இறந்தனர். வலிப்பும் மயக்கமும் கண்டு விரைவில் இறந்த அக்குழந்தைகளின் நோய் முதலில் இன்னதெனப் புலப்படவில்லை. பின்னர் உலக சுகாதார நிறுவனத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அவ்வூரில் 81 பேரைச் சோதித்தபோது, அனைவருமே ஈய நஞ்சால் பாதிக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. அவ்வூர்க் கொல்லர்கள் பல ஆண்டுகளாகப் பழைய ஊர்தி மின்கலங்களை உடைத்து, அவற்றிலிருந்த ஈயத்தை உருக்கி, மீன்வலைகளுக்கான எடைக்குண்டுகளை வார்த்து வந்தவர்கள். அவ்வாறு உதிர்ந்த ஈயத்துகள் மணலோடு கலந்து கிடந்தது. ஈயத்தின் விலை உயர்ந்தபோது அம்மணலையே தோண்டி, மூட்டைகளாக வீட்டுக்குக் கொண்டுவந்து சலித்து விற்கத் தொடங்கினர். சலித்த தூசு குழந்தைகளின் உடலிற் சேர்ந்தது.

வலைக்குண்டு வார்ப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அச்சு, கரண்டி, அடுப்பு என்று தொடங்குவர். இக்கட்டுரை இவ்வூரிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. உருகிய உலோகம் காலிற் கொட்டுவதைப் புதியவர் அஞ்சுகிறார். அவ்வச்சம் இயல்பானது, அவரைக் காப்பதும் அதுவே. அஞ்ச வேண்டிய மற்றொன்றோ கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மேலும், அது வார்ப்பவரை விட்டுவிட்டு வீட்டிலுள்ள சிறு குழந்தையை முதலிற் பற்றுகிறது.

காரீயமும் வெள்ளீயமும்

தமிழில் ‘ஈயம்’ என்பது தனித்து நிற்கும்போது எந்த உலோகத்தைக் குறிக்கிறது என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் நவச்சாரம் தூவி, துணியால் தேய்த்துப் பூசுவது வெள்ளீயத்தை. இரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயத்தால் ஆனதாகவே இருத்தல் வேண்டும். மாறாக, வலையில் கோத்த ஈயக்குண்டு காரீயத்தால் ஆயது. இரண்டும் வெண்சாம்பல் நிறத்தன, இரண்டும் மென்மையானவை, இரண்டும் விறகடுப்பில் உருகுபவை. ஒன்று உணவோடு சேரத்தக்கது, மற்றது சேரவே தகாதது. இவ்விரண்டையும் ஒரு சொல்லுக்குள் அடக்கிப் பேசும் வழக்கு சமையலறைக்கு அருகில் ஆபத்தானது. வெள்ளீயத்தின் விலை காரீயத்தின் விலையைப் போலப் பலமடங்கு என்பதையும் கருதினால், கலப்படத்துக்கான தூண்டுதலும் இப்பொதுப் பெயரிலேயே ஒளிந்திருப்பது விளங்கும்.

இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இலத்தீனில் ‘பிளம்பம்’ என்பது இரண்டுக்கும் பொது. பிளினி தம் ‘இயற்கை வரலாறு’ நூலின் 34ஆம் பகுதியில், ‘கரிய பிளம்பம்’, ‘வெள்ளைப் பிளம்பம்’ என இருவகை கூறுகிறார். முன்னது காரீயம், பின்னது வெள்ளீயம். இரு மொழிகளும் ஒரு பொதுப்பெயருக்குக் கருமை, வெண்மை என்னும் அடைகளைச் சேர்த்தே வேறுபடுத்தியுள்ளன. இந்தியாவில் செம்பும் ஈயமும் இல்லை என்றும், மணிகளையும் முத்துகளையும் கொடுத்து அவற்றைப் பெறுகின்றனர் என்றும் அதே பகுதியில் அவர் எழுதுகிறார். ‘செங்கடற் பயணக்குறிப்பு’ நூலும் முசிறிப் பகுதித் துறைகளுக்கு வந்த பண்டங்களுள் செம்பு, வெள்ளீயம், காரீயம் மூன்றையும் தனித்தனியே பெயர் சொல்லிக் குறிக்கிறது. இராசத்தானத்துச் சவார் சுரங்கங்களின் தொன்மையை அறிந்தவர் பிளினியின் கூற்றை அப்படியே ஏற்கமாட்டார். எனினும், தென்கடற்கரைக்கு இவ்வுலோகம் கப்பலில் வந்ததென்பதற்கு இரு நூல்களும் சான்று பகர்கின்றன.

சித்த மருத்துவ மரபு ‘வெள்வங்கம்’, ‘கருவங்கம்’ என்னும் இணையையும் கையாள்கிறது. அங்கும் அடைமொழியே வேறுபாட்டைத் தாங்குகிறது. ‘நாகம்’ என்னும் சொல் மேலும் சிக்கலானது. வடமொழி மருத்துவ நூல்களில் நாகம் என்றால் காரீயம். சித்த மருத்துவத்திலும் இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களிலும் அது துத்தநாகத்தைச் சுட்டும். பென்சிலின் கருங்கோலைக் காரீயம் என்று சொல்லும் வழக்கும் உண்டு. ஆனால் அது கரிமத்தின் ஒரு வடிவமேயன்றி உலோகமே அன்று. ஒரு நூலின் செய்முறையை மற்றொரு மரபின் சொற்பொருளோடு படிப்பவருக்கு இங்கு நேரக்கூடிய பிழை அகராதிப் பிழையாக மட்டும் நின்றுவிடாது. இக்கட்டுரையில் இனிக் ‘காரீயம்’, ‘வெள்ளீயம்’, ‘துத்தநாகம்’ என்னும் மூன்று சொற்களே ஆளப்பெறும்.

எடைக்குண்டுக்குக் காரீயம் ஏன்?

‘கனமானது என்பதால்’ என்பதே வழக்கமான விடை. கணக்கிட்டுப் பார்த்தால் அது பாதி உண்மையே. நீரில் மூழ்கிய பொருள் தான் விலக்கிய நீரின் எடையளவு எடை குறைகிறது. காரீயத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 11.34 கிராம். எனவே 50 கிராம் காரீயக்குண்டு கடல்நீரில் ஏறத்தாழ 45.5 கிராமாக நிற்கும். அதே 50 கிராம் இரும்பு 43.5 கிராமாகவும், கருங்கல் 30 கிராமாகவும் நிற்கும். கல்லுக்கும் காரீயத்துக்கும் இடையே வேறுபாடு மிகுதி. இரும்புக்கும் காரீயத்துக்கும் இடையே அது சிறிது. எனவே காரீயத்தின் சிறப்பை எடையில் மட்டும் தேடுவது பொருந்தாது. அது 327 பாகை செல்சியசில், அதாவது ஒரு சாதாரண அடுப்பின் வெப்பத்திலேயே உருகுகிறது. இரும்பை உருக்க 1500 பாகைக்கு மேல் வேண்டும். காரீயம் உப்புநீரில் துருவேறி வலைநூலை அறுப்பதில்லை. விரலாலும் குறட்டாலும் நசுக்கி நூலைச் சுற்றி இறுக்கலாம். உடைந்தால் மீண்டும் உருக்கலாம்.

இத்தொழிலின் பழைமைக்கு ஒரு சான்று போதும். துருக்கியின் தென்கரையில் உளுபுருன் முனையருகே மூழ்கிய, கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கப்பலில் காரீய வலைக்குண்டுகள் கிடைத்துள்ளன.

துப்பாக்கிக் குண்டு வார்ப்பும் இதே உலோகத்தைக் கொண்டதாயினும் அதன் தேவை எதிரானது. குழலின் உராய்வைத் தாங்க அதற்குக் கடினம் வேண்டும். ஆகவே ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலப்பர். தூய காரீயத்தின் பிரினெல் கடினம் ஏறத்தாழ 5 எனில், வரியச்சு உலோகத்தினுடையது 20க்கும் மேல். சிதறுகுண்டுக்கோ உருண்டை வடிவமே தேவை. பிரிஸ்டல் நகரின் குழாய்த் தொழிலாளி வில்லியம் வாட்ஸ் 1782இல் காப்புரிமை பெற்ற முறையில், உருகிய காரீயம் சல்லடை வழியே உயரத்திலிருந்து நீரில் விழும். விழும்போதே துளிகள் உருண்டையாகும். அம்முறைக்கு அச்சே தேவையில்லை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வெடிகுண்டு, தோட்டா வகைகளின் தயாரிப்பு உரிமம் வேண்டுவதாகலின், அதனை இத்துடன் விடுத்து வலைக்குண்டுக்கு வருவோம்.

உருக்கும் பொருளைத் தெரிதல்

புதியவரின் வெற்றி தோல்வி பெரும்பாலும் அடுப்பை மூட்டுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பழைய குழாய், கூரைத் தகடு, பழைய மின்வடத்தின் மேலுறை ஆகியவை ஏறத்தாழத் தூய காரீயமாக இருப்பவை. நகத்தால் கீறினால் கோடு விழும், தாளில் தேய்த்தால் சாம்பல்நிறத் தடம் படியும். இவை வலைக்குண்டுக்கு உகந்தவை. ஊர்திச் சக்கரத்தில் பொருத்தும் சமன்கட்டிகள் முன்பு ஆன்டிமனி கலந்த காரீயமாக இருந்தன. இப்போது அவற்றுள் பல துத்தநாகத்தாலும் இரும்பாலும் ஆனவை. இரும்பு மிதந்துவிடும், எடுத்து எறியலாம். துத்தநாகம் அவ்வாறன்று. அது 419 பாகையில் உருகும். காரீயம் உருகியதும் அடுப்பைத் தணித்து 400 பாகைக்குக் கீழ் வைத்தால் துத்தநாகக் கட்டி உருகாமல் மேலே மிதக்கும். அப்போதே அதனை அகற்றலாம். கவனியாது வெப்பத்தை ஏற்றினால் அது கலந்துவிடும். கலவை கஞ்சிபோல் திரண்டு, அச்சின் மூலைகளை நிரப்பாமல் நிற்கும். சட்டி முழுவதும் பாழ். மேற்சொன்ன ‘நாகம்’ என்னும் சொற்குழப்பம் இங்கு நேரடி விலை பெறுகிறது.

வார்த்த பின்னரும் ஒரு சோதனை உண்டு. 50 கிராம் காரீயம் கொள்ளும் அச்சில், அதாவது ஏறத்தாழ 20 மி.மீ. விட்டமுள்ள உருண்டையில், வெள்ளீயமோ துத்தநாகமோ வார்த்தால் 32 கிராம் அளவே வரும். வீட்டுத் தராசே போதுமான சான்றாகிறது.

அச்சகங்களில் கழித்த எழுத்துகளும் எடைக்கு எடை விற்கப்பட்டு உருக்குவோர் கைக்கு வந்தன. வரியச்சு உலோகம் 84 விழுக்காடு காரீயம், 12 விழுக்காடு ஆன்டிமனி, 4 விழுக்காடு வெள்ளீயம் கொண்டது. உறையும்போது மிகக் குறைவாகவே சுருங்குவதால் எழுத்தின் கூர்மை கெடாது. ஆனால் வலைக்குண்டாக்கினால் நசுக்க வராது, உடையும். தரங்கம்பாடியில் சீகன்பால்கு காலத்து அச்சுக்கூடத்தார் சிறிய தமிழ் எழுத்துகளை வார்க்கப் பாலாடைக்கட்டி அடைத்துவந்த உறைகளின் ஈயத்தை உருக்கினர் என்று அச்சு வரலாற்றிற் சொல்லப்படும் செய்தி இங்கு நினைவுக்கு வருகிறது. தமிழ் அச்சு வரலாற்றைப் படிப்போர்க்கு வார்ப்புத் தொழில் அயலானதன்று.

ஒன்றை மட்டும் விலக்காகச் சொல்ல வேண்டும்: ஊர்தி மின்கலத்தை வீட்டில் உடைக்கவும் உருக்கவும் கூடாது. அதன் தகட்டில் இருப்பது பெரும்பாலும் உலோகமன்று. காரீயத்தின் ஆக்சைடும் சல்பேட்டும் நுண்தூளாகப் படிந்த களிம்பு. அதில் கந்தக அமிலமும் ஊறியிருக்கும். தகட்டுக் கலவையிலுள்ள ஆர்சனிக், ஆன்டிமனி முதலியன கழிவுக்கசடோடு ஈரம் சேரும்போது கொடிய நச்சு வாயுக்களைத் தரவல்லன. இந்தியாவில் 2001ஆம் ஆண்டு விதிகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டு மின்கலக் கழிவு விதிகளும் இதனைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கே உரியதாக்கியுள்ளன. தியாரோயின் மணலில் கிடந்தது இத்தகைய கழிவே.

வார்ப்பு

இடம் திறந்தவெளியாகவும் மேலே கூரை உள்ளதாகவும் இருத்தல் நலம். கூரை எதற்கு என்று கேட்கலாம். ஒரு மழைத்துளி போதும். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1700 மடங்கு பருமன் கொள்கிறது. உருகிய காரீயத்தின் மேற்பரப்பில் விழும் துளி சீறிவிட்டு அடங்கலாம். அதே துளி உலோகத்துக்கு அடியில் அகப்பட்டால் சட்டியிலுள்ளதை எல்லாம் வார்ப்பவர் முகத்தில் எறியும். எனவே, உருகிய சட்டியில் குளிர்ந்த கட்டியைப் போடலாகாது. அதனைச் சட்டியின் விளிம்பில் வைத்துச் சூடேற்றிய பின்னரே இறக்க வேண்டும். கரண்டியையும் அவ்வாறே. கரையில் பொறுக்கிய பழைய குண்டுகளின் துளைக்குள் ஈரமணல் அடைந்திருக்கும். அவற்றை உலோகம் உருகுவதற்கு முன்பே, அடுப்பு குளிர்ந்திருக்கும்போதே சட்டியில் இட வேண்டும். களிமண், சுண்ணச்சாந்து அச்சுகள் கைக்கு உலர்ந்ததாகத் தோன்றினும் உள்ளே நீர் இருக்கும். அவற்றை நெடுநேரம் சூடேற்றி உலர்த்தாமல் பயன்படுத்துவது தகாது. புதியவருக்கு இரு பாதிகளாலான அலுமினிய அச்சே பொருத்தம்.

சட்டி இரும்பாகவோ எஃகாகவோ இருக்கலாம். அலுமினியச் சட்டி கூடாது, அடுப்பின் வெப்பத்தில் அது இளகி அடி விடக்கூடும். அச்சட்டியும் கரண்டியும் பின்னொருகாலும் சமையலுக்குத் திரும்பக் கூடாது. உருகிய உலோகத்தின் மேல் படியும் சாம்பல்நிற ஆடையை உடனே வழித்தெறிவது புதியவர் செய்யும் வீண்செலவு. அதில் ஆக்சைடாய் மாறிய காரீயமும், கலவையாயின் வெள்ளீயமும் உண்டு. சிறிது மெழுகையோ குங்கிலியத்தையோ இட்டுக் கிளறினால் அதன் கரி ஆக்சைடிலுள்ள ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ள, உலோகம் மீளும். எஞ்சிய கரிய தூளையே அகற்ற வேண்டும். மெழுகுப்புகை தீப்பற்றும், ஆதலால் முகத்தை விலக்கிக்கொள்க.

அச்சின் உட்புறத்தை விளக்குப்புகையால் மெல்லக் கருக்கினால் உலோகம் ஒட்டாது, நன்கு ஓடும். முதல் சில வார்ப்புகள் சுருக்கம் விழுந்து வரும். அச்சு இன்னும் சூடேறவில்லை என்பதே அதன் பொருள். அவற்றைத் திரும்பச் சட்டியில் இடலாம். பிறகு மேற்பரப்பு பளபளக்கும். அதன்பின் பனி படர்ந்தாற்போல் மங்கினால் வெப்பம் மிகுந்துவிட்டது. 350 முதல் 400 பாகைக்குள் வேலை முடியும். ஊற்றும்போது இடைநிறுத்தாமல் ஊற்றி, ஊற்றுவாயில் சிறிது மிகுதியாக நிற்கவிடுதல் வேண்டும். காரீயம் உறையும்போது மூன்று விழுக்காட்டுக்கு மேல் சுருங்குவதால், அம்மிகுதியே உள்ளே இறங்கிப் பள்ளத்தை நிரப்பும். வலைக்கயிறு செல்லும் துளைக்குப் புகைபடிந்த இரும்புக்கம்பியை அச்சில் இருத்தி, உறைந்தபின் உருவுவர். தோற்செருப்பன்று, மூடிய காலணி, கண்ணாடி, தோல் கையுறை, நீண்ட பருத்தி உடை. செயற்கை இழைத்துணி உருகித் தோலில் ஒட்டும்.

நஞ்சு சேரும் வழி

‘ஈயப்புகை’ என்னும் சொல் இங்கு வழிதவறச் செய்கிறது. 400 பாகையில் காரீயம் ஆவியாவது மிகக் குறைவு. அதன் கொதிநிலை 1749 பாகை. அடுப்பில் காணும் புகை பெரும்பாலும் மெழுகும் எண்ணெயும் அழுக்கும் எரிவது. எனவே புகை தெரியும்போது அஞ்சுவதும், தெளிந்தபின் துணிவதும் தலைகீழான நடத்தை. நஞ்சு மிகுதியாய்ச் சேர்வது வழித்தெடுத்த கசடின் மஞ்சள், சாம்பல்நிறத் தூள் வழியாக. அதனைத் தொட்ட கை வழியாக. அக்கை தொட்ட வெற்றிலை, பீடி, தேநீர்க் குவளை வழியாக. உடையிலும் கூந்தலிலும் படிந்து வீட்டுக்குள் செல்வதன் வழியாக. வெப்பத்தை மிகுத்தால் ஆவியும் சேரும் என்பது உண்மையே. துணி முகமூடி நுண்தூளைத் தடுக்காது. தூண்டிற்காரர் சிலர் சிறுகுண்டைப் பல்லால் கடித்து நூலில் இறுக்குவர். அதைவிட நேரான வழி நஞ்சுக்கு வேறில்லை.

ஒரே அளவு காரீயம் வயிற்றிற் சென்றால், வளர்ந்தவரைக் காட்டிலும் சிறுகுழந்தையின் உடல் நான்கைந்து மடங்கு மிகுதியாக அதனை ஏற்றுக்கொள்கிறது. சுண்ணாம்புச் சத்தைப் போலவே அது எலும்பிற் படிந்து, ஆண்டுகள் கழித்துக் கருவுற்ற காலத்திற் குருதிக்குத் திரும்புகிறது. தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளுக்குக் குறித்த அளவு 1991இல் ஒரு டெசிலிட்டர் குருதிக்கு 10 மைக்ரோகிராம், 2012இல் 5, 2021இல் 3.5. ஒவ்வொரு முறையும் இறங்கியே வந்துள்ள இவ்வரிசையைக் காண்பவர், ‘எங்கள் காலத்தில் ஒன்றும் ஆகவில்லை’ என்னும் வாதத்தை எடைபோட்டுக்கொள்ளலாம். அறிவுத்திறன் சற்றே குறைந்ததை எந்தக் குடும்பமும் கண்ணாற் கண்டு சொல்ல இயலாது.

எனவே செய்ய வேண்டுவன: குழந்தைகளும் கருவுற்றோரும் அவ்விடத்தை அணுகாதிருத்தல், கசடை ஈரமாக்காமல் மூடியுள்ள தகரப்பெட்டியில் அடைத்தல், உலர்ந்த துடைப்பத்தாற் பெருக்காமல், வேலை முடிந்து எல்லாம் குளிர்ந்தபின் ஈரத்துணியால் துடைத்தல், சோப்பிட்டுக் கைகழுவும்வரை எதையும் உண்ணாமை, அன்று உடுத்ததைப் பிற துணிகளோடு சேர்க்காமல் துவைத்தல். தொடர்ந்து வார்ப்பவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் குருதியில் ஈய அளவைச் சோதித்தறிதல் வேண்டும்.

மாற்று உலோகங்கள்

நீரில் தங்கிவிடும் குண்டின் கதை வேறு. இங்கிலாந்தில் அன்னங்கள் கரையிற் கிடந்த சிறுகுண்டுகளைக் கூழாங்கற்களோடு விழுங்கி இறந்ததை அடுத்து, 0.06 கிராமுக்கும் 28.35 கிராமுக்கும் இடைப்பட்ட காரீயத் தூண்டிற் குண்டுகளின் விற்பனை 1987 முதல் தடை செய்யப்பட்டது. கனடா தன் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்தவற்றை 1997இல் விலக்கியது. டென்மார்க்கு 2002இல் காரீய மீன்பிடிப் பொருள்களின் விற்பனைக்கே தடை விதித்தது.

வார்ப்பைக் கற்க விரும்பும் புதியவர் வெள்ளீயத்திலேயே தொடங்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அது 232 பாகையில் உருகும், அடர்த்தி 7.3, விலை மிகுதி, ஆயினும் கெட்ட வார்ப்பு வீணாவதில்லை, திரும்ப உருக்கலாம். பிஸ்மத் 271 பாகையில் உருகும், அடர்த்தி 9.8, உறையும்போது சுருங்காமல் விரிவதால் அச்சின் நுண்கோடுகளும் விழும், ஆனால் நசுக்கினால் நொறுங்கும். வீச்சுவலைக்கு இரும்புச் சங்கிலி போதும் என்போரும் உளர்; முன்னே காட்டிய கணக்கு அவர்களுக்கே சார்பானது.

எந்த உலோகத்தைத் தெரிந்தாலும், பழைய இரும்புக்கடையில் ‘ஈயம்’ என்று மட்டும் கேட்டு வாங்குவது வேண்டா. கடைக்காரர் தருவது காரீயமாகவே இருக்கும். அதனை வெள்ளீயம் என்று நம்பி ஒரு சொம்பின் ஓட்டையை அடைக்க எடுத்துச் செல்பவர் அடுத்த வீட்டிலேயே இருக்கலாம்.